நின்றுபோன நொடிமுள்

பாளையங்கோட்டையில் செண்பகவல்லி நடத்திய கணினிப் பட்டறையில் முதலில் சேர்ந்த மாணவர் வேலாயுதம். அதுவரை ரேடியோ பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர். ஆசிரியையைவிடப் பத்து வயது மூத்தவர். அவருக்கு இரண்டு வருடம் கழித்து வந்து சேர்ந்தவள் பிலோமினா.

அவள் பெயரை ஆசிரியை சொல்லும்போதெல்லாம் வேலாயுதத்துக்கு வயிறு எரிந்தது.

இருவரும் ஆளுக்கொரு கணினி கட்டி, அதை ஓட்டும் ப்ரோகிராமையும் தாங்களே எழுதினார்கள். ஒரே போர்டு, ஒரே டிஸ்க், ஒரே ப்ராஸஸர். திரையில் ஒரு கடிகாரம் ஓட வேண்டும். அது ஓடும்போதே டிஸ்க்கில் உள்ள பெரிய கோப்பை நினைவகத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

கோப்பு வரத் தொடங்கியதும் வேலாயுதத்தின் கணினியில் நொடிமுள் நின்றுவிட்டது. பிலோமினாவுடையதில் கோப்பும் வந்தது, முள்ளும் ஓடியது.

"அருமை, பிலோமினா" என்றார் செண்பகவல்லி.

அவளுக்கு மட்டும் நல்ல ப்ராஸஸராகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார் என்று வேலாயுதம் முடிவு கட்டினார். மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் வந்தார். இரண்டு கணினிகளையும் திறந்து ப்ராஸஸர்களை மாற்றிப் பொருத்தினார்.

ஓட்டிப் பார்த்தார். அவருடையதில் முள் நின்றது. அவளுடையதில் ஓடியது.

திரும்ப மாற்றுவதற்குள் ஆசிரியை வந்துவிட்டார். பின்னாலேயே பிலோமினாவும் வந்தாள்.

"டீச்சர், என் மெஷின் மட்டும் ஏன் இப்படித் திணறுது?"

செண்பகவல்லி கரும்பலகையில் நீளமாக ஒரு கணக்கை எழுதினார். "இதைப் போடுங்க அண்ணாச்சி. அதுக்குள்ள ஸ்டோர்ல இருக்கிற நாற்பது புத்தகமும் இந்த மேசைக்கு வரணும். நடைக்கு ஒண்ணுதான்."

ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் முத்தக்காள் வாசலில் நின்றிருந்தாள். வேலாயுதம் அவளைத் தாண்டி உள்ளே போனார். ஒரு புத்தகம், கணக்கில் ஒரு வரி. திரும்பி வரும்போதெல்லாம் விட்ட இடம் மறந்துபோனது. பதினைந்தாவது புத்தகத்தோடு கணக்கைக் கைவிட்டார்.

பிலோமினாவுக்கும் அதே வேலை.

"முத்தக்கா, உள்ள இருக்கிற நாற்பது புத்தகம், இந்த மேசைக்கு. முடிஞ்சதும் ஒரு குரல் குடுங்க" என்றுவிட்டு அவள் கணக்கில் இறங்கினாள். குரல் வந்தபோது விடையும் வந்திருந்தது.

"அவளுக்கு மட்டும் ஆள் குடுத்தீங்க" என்றார் வேலாயுதம்.

"நீங்க போனப்பவும் முத்தக்கா அங்கதான் நின்னாங்க, அண்ணாச்சி."

வேலாயுதம் முத்தக்காளைத் திரும்பிப் பார்த்தார். செண்பகவல்லி தொடர்ந்தார்:

"ரெண்டு போர்டுலயும் டிஎம்ஏன்னு ஒண்ணு இருக்கு. டிஸ்க்குல இருந்து நினைவகத்துக்குச் சுமக்கிறதுதான் அதோட வேலை. எங்கிருந்து, எவ்வளவு, எங்கேன்னு ப்ராஸஸர் சொல்லிட்டாப் போதும். முடிஞ்சதும் அதுவே கூப்பிடும். உங்க ப்ரோகிராம் அதைக் கேட்கவே இல்லை. ஒவ்வொரு துணுக்குக்கும் ப்ராஸஸரே டிஸ்க் வாசலுக்குப் போய், காத்து நின்னு, வாங்கிட்டு வருது. கடிகாரத்தை அது எப்பப் பார்க்கும்?"

"இன்னொண்ணு கையில விட மனசு வரலை டீச்சர்" என்றார் வேலாயுதம்.

பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "காலையில ஒரு காரியம் பண்ணிட்டேன். அவ ப்ராஸஸரைக் கழற்றி என் மெஷின்ல போட்டேன். என்னோடதை அவளோடதுல வச்சேன்."

செண்பகவல்லி பிலோமினாவின் திரைப் பக்கம் திரும்பினார்.

"அப்போ இதுல இருக்கிறது உங்க ப்ராஸஸரா, அண்ணாச்சி? நல்லா ஓடுதே."