மஞ்சளாகாத அருள்தாஸ்

குரு என்றதும் தாடியையும் ஆலமரத்தையும் தேட வேண்டாம். தவசீலனுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. பள்ளிக்கரணையில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருந்தார். ஒரு காலத்தில் அவரும் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறியவர்தான். ஒருநாள் ஏறவில்லை. அதற்குப் பிறகு அவரைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஏன் என்று கேட்டால் வந்தவர்களுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது.

சீடர் சபாபதிக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஒரு தனியார் நிறுவனத்தில் டீம் மேனேஜர். அவருடைய ஆட்கள் எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள். தன்னைவிடச் சின்னவரை 'சாமி' என்று கூப்பிடுவதில் அவருக்குக் கூச்சம் இல்லை. குருவுக்குத்தான் கொஞ்சம் இருந்தது. பதிலுக்கு 'சார்' போட்டுவிடுவார்.

அந்த வியாழக்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் சபாபதி வந்து உட்கார்ந்தார்.

"மனசே சரியில்ல சாமி."

"என்ன ஆச்சு?"

"கம்ப்யூட்டர்ல எதைத் தொட்டாலும் சுத்திக்கிட்டே நிக்குது. காலையில பாஸ்வேர்டை மாத்தச் சொல்லுச்சு. மாத்தினேன். மாத்தினதை ஏத்துக்க மாட்டேங்குது. லீவு போடற போர்ட்டல் திங்கட்கிழமையிலேர்ந்து திறக்கவே இல்ல. இதுல மீட்டிங் எப்படி நடத்தணும்னு ஒரு மீட்டிங்."

குரு மோர் கொண்டுவந்து வைத்தார்.

"ஒரே ஆறுதல் இதுதான்" என்று சபாபதி கைபேசியை நீட்டினார். திரையில் வரிசையாகப் பெயர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பச்சைப் புள்ளி. "ஆள் கம்ப்யூட்டர் முன்னாடி இருந்தா பச்சை. மவுஸ் கொஞ்ச நேரம் அசையலைன்னா மஞ்சள். மஞ்சளானா எனக்குத் தகவல், அவங்களுக்கு மெமோ. இப்பப் பாருங்க, எல்லாம் பச்சை. கண்ணுல ஒத்திக்கலாம்."

சொல்லும்போது அவர் முகம் உண்மையிலேயே மலர்ந்திருந்தது. அதைக் கேலி செய்ய யாருக்கும் மனசு வராது. நாள் முழுக்க அவருக்குக் கிடைக்கிற சந்தோஷம் அது ஒன்றுதான்.

"அப்புறம் என்ன குறை?"

"இந்த அருள்தாஸ்." விரல் ஒரு பெயரின் மேல் நின்றது. "செவ்வாய்க்கிழமை காலையில மெசேஜ் போட்டான். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு, லீவு வேணும்னு. போர்ட்டல்ல போடுப்பான்னேன். திறக்கலைன்னான். திறந்ததும் போடு, அதுவரைக்கும் ஆன்லைன்ல இருன்னு சொன்னேன். ரூல் அதானே சாமி?"

குரு அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னபடி இருக்கான், இல்லேங்கல. அன்னையிலேர்ந்து ஒரு தடவைகூட மஞ்சளாகல. ஆனா எது கேட்டாலும் பதில் கிடையாது. ஃபோனை எடுக்கறதில்ல. கொழுப்பு. இன்னைக்கு மெயில்ல ஒரு காய்ச்சு காய்ச்சலாம்னு இருக்கேன்."

"ராத்திரியிலயும் பச்சையா?"

மோரை எடுத்த சபாபதியின் கை அப்படியே நின்றது.

"படுக்கப் போறப்ப பார்த்தேன். பச்சைதான். சரி, ஓவர்டைம் பாக்கறான்னு..."

சபாபதி வாக்கியத்தை முடிக்கவில்லை. குரு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க இருக்கார் அவர்?"

சபாபதிக்குத் தெரியவில்லை. எச்.ஆரில் கேட்டார். முகவரியெல்லாம் போர்ட்டலில்தான் இருக்கிறது, திறந்ததும் சொல்கிறேன் என்று அந்தப் பெண் பணிவாகச் சொன்னாள். அந்தப் பதிலைக் கேட்கிற இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று சபாபதிக்கு அன்றுதான் தெரிந்தது. கடைசியில் டீமில் ஒரு பையன் சொன்னான், "மடிப்பாக்கம் சார். பிள்ளையார் கோயில் பக்கத்துல மாவு மில். அதுக்கு மேல ரூம்."

ஆட்டோவில் சபாபதி கண்ணைக் கைபேசியிலிருந்து எடுக்கவே இல்லை. "இன்னும் பச்சைதான் சாமி" என்றார். சிக்னலில் நின்றபோது மறுபடியும் அதையே சொன்னார். யாராவது தன்னிடம் 'ஆமாம், ஒன்றும் ஆகியிருக்காது' என்று சொல்லிவிட மாட்டார்களா என்று இருந்தது அவருக்கு. குரு டிரைவரை வேகமாகப் போகச் சொன்னார்.

மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். தெருவே தும்மியது. முதலாளி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"அருள் தம்பியா? மேலதான் இருக்கு. பாவம், ராப்பகலா வேலை. லைட்டு எரியுது, ஃபேன் ஓடுது. ஏன் தொந்தரவு பண்ணணும்னு நான் போகல."

"மில்லை நிறுத்துங்க" என்றார் குரு.

சத்தம் அடங்கியது. மாடிப்படியில் ஏற ஏற மிளகாய் நெடி குறைந்து வேறு வாடை வந்தது. முதலாளி பாதிப் படியிலேயே நின்றுவிட்டார். கதவைத் தட்டினார்கள். பிறகு குருவும் சபாபதியும் தோளைக் கொடுத்து மோதினார்கள். தாழ்ப்பாள் பெயர்ந்துகொண்டு வந்தது.

மேஜையில் லேப்டாப் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது. அதன் கம்பியில் ஷூ லேஸ் கட்டி, மறுமுனையில் மவுஸைக் கட்டியிருந்தான். ஃபேன் திரும்பும்போதெல்லாம் மவுஸ் மேஜையில் இழுபட்டது.

அருள்தாஸ் கீழே பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். தலைமாட்டில் தண்ணீர் பாட்டிலும் வாயு மாத்திரை அட்டையும் இருந்தன. குரு குனிந்து கழுத்தில் கை வைத்துப் பார்த்தார். தொட்ட உடனே எடுத்துவிட்டார்.

"மவுஸைக் கட்டி வச்சு ஏமாத்தியிருக்கான் சாமி" என்றார் சபாபதி. சொன்ன வாயை அவரே பொத்திக்கொண்டார். அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதார்.

குரு ஃபேனை நிறுத்திவிட்டு, போலீசுக்கு ஃபோன் செய்தார். கொஞ்ச நேரத்தில் சபாபதியின் கைபேசி அதிர்ந்தது. பழக்கதோஷம், எடுத்துப் பார்த்தார். அருள்தாஸ் இருக்கையில் இல்லை என்றும் அவருக்கு மெமோ அனுப்பப்பட்டுவிட்டது என்றும் தகவல் வந்திருந்தது.

அவர் அதைக் கீழே வைப்பதற்குள், சார்ஜரில் கிடந்த இன்னொரு ஃபோன் அடித்தது. அது அருள்தாஸுடையது. 'அக்கா' என்று வந்தது. குரு அதை எடுத்துச் சபாபதியின் கையில் கொடுத்தார்.

"ஏல அருளு, ஏன்ல போன எடுக்க மாட்டுக்க? ரெண்டு நாளா அடிச்சிக்கிட்டே கெடக்கேன். வேலையா இருக்கியோன்னு..."

"அம்மா, நான் அவரோட மேனேஜர் பேசறேன்" என்று ஆரம்பித்தார் சபாபதி.

எப்படியோ சொல்லி முடித்தார். எதிர்முனையில் எழுந்த அலறல் அறை முழுக்கக் கேட்டது. வெகுநேரம் கழித்து அது தேய்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு அவள் கேட்டாள்.

"சார், எந்தம்பி கடைசியா ஒங்ககிட்ட என்ன பேசுனான்?"

சபாபதி ஃபோனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு குருவைப் பார்த்தார்.

"நான் என்ன சாமி சொல்றது? ஊரைப் பத்தி, அக்காவைப் பத்திப் பேசினான்னு சொல்லட்டுமா? கொஞ்சம் ஆறுதலா இருக்கும்."

"சார்? லைன்ல இருக்கீங்களா சார்?" என்றது ஃபோன்.

"லீவு கேட்டார்னு சொல்லுங்க" என்றார் குரு.