ஊமை அத்தை

அந்தக் காலத்தில் ஆடுமாட்டுக்கும் செடிகொடிக்கும் பேச வாய் இருந்தது. காத்தாயி வீட்டுக் கொல்லையில் வெள்ளைப் பூப் பூத்து ஒரு செடி நின்றது. அதன் காய் பிஞ்சுக் கத்தரிக்காய் மாதிரி வழுவழுவென்று இருக்கும். காத்தாயியின் மகள் தேனு அதை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். அதில் செடிக்கு அத்தனை பெருமை.

ஒரு நாள் தேனு, "அத்தை, இந்தக் காயைத் தின்னட்டுமா?" என்று கேட்டாள்.

தன் விதை விஷம் என்று செடிக்குத் தெரியும். சொன்னால் அத்தை என்ற பெயர் போய்விடும். "உனக்கு இல்லாததாடி," என்றது.

காயைத் தின்ற கொஞ்ச நேரத்தில் பிள்ளைக்கு முகம் சிவந்தது. உடம்பு அடுப்பாய்க் கொதித்தது. ஒரு பொட்டு வியர்வை இல்லை. இல்லாத பூச்சியைக் காற்றில் பிடித்தாள். பெற்றவளையே யாரென்று கேட்டாள். கண்ணில் கருமணி அகல விரிந்து கிடந்தது.

"என்னத்தடி தின்னே?" என்றாள் காத்தாயி. தேனு உளறினாள். காத்தாயி செடியிடம் திரும்பினாள். "நீ பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே, சொல்லேன்."

பிடுங்கி எறிவாளோ என்று செடி வாயை மூடிக்கொண்டது.

பூசாரி வந்தார். "பேய் பிடிச்சிருக்கு, கண்ணைப் பாரு," என்று வேப்பங்குழையால் அடித்தார். திமிறிய பிள்ளையின் கையைக் காத்தாயியே பிடித்துக்கொண்டாள். பெற்றவள்தான் பிடித்தாள்.

கொல்லையில் கட்டிக் கிடந்த வெள்ளாட்டுக்குப் பொறுக்கவில்லை. "பேய் பிடிச்சா நாக்கு ஓடு மாதிரி வறளுமா பூசாரி? அந்தக் காயை ஒருநாள் மென்னு நானும் இப்படித்தான் கிடந்தேன். அது விஷம். வைத்தியர்கிட்டத் தூக்கிட்டு ஓடுங்க."

"ஆடு சொல்லி நான் கேக்கணுமா?"

"நான் கேக்கிறேன். நீங்க குழையைக் கீழே போடுங்க," என்றாள் காத்தாயி.

ஈரத்துணியில் பிள்ளையைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். வைத்தியர் பிள்ளையை வெளிச்சம் குறைந்த அறையில் கிடத்தி, உடம்பை நனைத்து நனைத்துத் துடைத்தார். வாயில் எதையும் ஊற்ற விடவில்லை, யாரையும் சத்தம் போட விடவில்லை. மூன்றாம் நாள் தேனு "அம்மா" என்றாள்.

காத்தாயி நேரே கொல்லைக்கு வந்தாள்.

"பயந்துட்டேன் அண்ணி," என்றது செடி.

"அண்ணியா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் பிள்ளை அடி வாங்கியிருக்காது. சொல்ல வேண்டியதைச் சொல்லாத வாய் உனக்கு எதுக்கு? இனிமே உன் காய் சொல்லட்டும்."

வேலிமுள்ளை அள்ளிக் காய் காயாகக் குத்தினாள்.

அன்றைக்கு மூடிய வாய்தான். ஊமை அத்தை ஊமத்தை ஆனாள், காயெல்லாம் முள், ஆடு அதில் வாய் வைப்பதில்லை. பிள்ளை முகம் சிவந்து உளறினால் முதலில் பூசாரியைத் தேடி ஓடுவதை மனிதர்கள்தான் இன்னும் விடவில்லை.