நாலு நாட்டுக்கும் ஒரே சிவப்பு

குறும்பனை நாட்டை முன்னொரு காலத்தில் உதயகேது என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் யார் கடைசியாகப் பேசினாலும் அதுவே சரியென்று படும் அவருக்கு.

அன்று சபையில் இருந்தவர்கள்: அரசர் ஒருவர், பிரதானி பூதலிங்கம் ஒருவர், திறை கட்டும் நாலு நாட்டுத் தூதர்கள் நால்வர், புலவர் மூவர், சாமரம் வீசுவோர் இருவர், வாயிற்காவலர் இருவர், சித்திரக்காரர் மாசிலாமணி ஒருவர். ஆகப் பதினாலு பேர். ஒரு பூனையும் இருந்தது, அதைச் சேர்க்கவில்லை.

மாசிலாமணி தேசப்படத்தைச் சுவரில் எழுதி முடித்திருந்தார். குறும்பனை முழுக்கச் சிவப்பு. திறை நாடுகள் நாலுக்கும் உள்ளே அவரவர் நிறம், ஓரத்தில் மட்டும் ஒரு விரற்கடைச் சிவப்பு.

அவர் எழுதிய யானையைப் பார்த்து அரசர் போன மாதம் கைதட்டியதிலிருந்தே பூதலிங்கத்துக்கு வயிற்றெரிச்சல்.

"பிரபு, நாலு நாட்டையும் மடக்கியவர் நீங்கள். இவனோ புடவைக்குக் கரை போட்டமாதிரி ஓரத்தில் சிவப்பை இழுத்துவிட்டிருக்கிறான். இது ராஜதுரோகம்!"

அரசரின் மீசை துடித்தது. "ஓய் மாசிலாமணி! பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டுப் போய்விடும்!"

மாசிலாமணி வெளியே பொழுதைப் பார்த்தார். வீட்டில் மகளுக்கு இது பேறுமாதம். இன்றோ நாளையோ என்றிருக்கிறாள். அவளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு எந்த எல்லையைத் தாண்டுவது?

"நிறைமாத மகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறேன், மகாராஜா. போவதற்கு முன் படத்தைத் திருத்திவிடட்டுமா?"

"திருத்தும்."

தூரிகையை எடுத்தார். நாலு நாட்டையும் சிவப்பால் மெழுகினார். பூதலிங்கம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"மகாராஜா, இனி இந்த நாலும் சொந்த நாடுதானே?"

"அதிலென்ன சந்தேகம்?"

"எல்லாம் பிரபுவின் மண்!" என்றார் பூதலிங்கம்.

மாசிலாமணி தூதர்கள் பக்கம் திரும்பினார். "ஐயாமார்களே, உங்கள் நாடுகளில் எத்தனை ஏரி?"

ஒருவர் இருபத்தாறு என்றார். மற்றவர்கள் பத்தொன்பது, முப்பத்தொன்று, பதினைந்து என்றார்கள்.

"ஆகத் தொண்ணூற்றொன்று. நம்முடையது பன்னிரண்டு. மொத்தம் நூற்று மூன்று. கோடையில் தூர்வாரும்போது, சொந்த நாட்டு ஏரி ஒவ்வொன்றிலும் முதல் கூடைச் சேற்றை அரசரே தலையில் சுமப்பது நம் வழக்கம். திறை நாட்டில் அது அந்தந்தத் தலைவர் பாடு. இனி நூற்று மூன்று கூடையும் மகாராஜாவுக்கே."

அரசரின் கை தானாக இடுப்புக்குப் போனது. பன்னிரண்டு கூடைக்கே போன கோடையில் ஒரு மாதம் தைலம் தேய்த்தவர் அவர்.

காரைநாட்டுத் தூதர் சட்டென்று எழுந்தார். "எங்கள் தலைவருக்குத் தீராத முதுகுவலி, மகாராஜா. இதைக் கேட்டால் கூத்தாடுவார். எப்போது வருகிறீர்கள்? எங்கள் சேறு மட்டும் கொஞ்சம் கெட்டி."

"வழக்கத்தை மாற்றிவிடலாம், பிரபு!" என்று பதறினார் பூதலிங்கம்.

"தாராளமாக மாற்றலாம்," என்றார் மாசிலாமணி. "ஊர் ஊராகப் போய்ப் பிரதானியே சொல்லிவிட்டு வரட்டும். ஜனங்கள் கையில் மண்வெட்டியோடு காத்திருப்பார்கள்."

பூதலிங்கம் மெல்லப் புலவர்களுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். அரசருக்கோ சிரிப்பு பீறிட்டது.

"ஐயா சித்திரக்காரரே, ஓரமே போதும்! அதையும் மெல்லிசாகப் போடும்! நீர் எங்கேயும் போகவேண்டாம். அரண்மனைச் சித்திரக்காரர் இனி நீர்தான். மருத்துவச்சியைப் பல்லக்கில் உம் வீட்டுக்கு அனுப்புகிறேன். பூதலிங்கம், இந்தக் கோடையில் ஒவ்வோர் ஏரியிலும் முதல் கூடை என் தலையில், இரண்டாவது உம் தலையில்!"

அன்று மாலையே மாசிலாமணிக்குப் பேத்தி பிறந்தாள். சித்திரை முடிவதற்குள் பூதலிங்கம் ஒன்பது ஏரியில் சேறு சுமந்து, தலைப்பாகையைக் கழற்றிச் சும்மாடாகவே வைத்துக்கொண்டார்.

மீதி ஏரி மூன்று.