கரண்ட் இருந்த ஒரு மணி நேரம்

மூன்று பேருக்கு ஒரே நாளை வாக்காகக் கொடுத்துவிட்டு, கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தாளே தவமணி, அவள் கதை இது. காதைக் கொஞ்சம் தீட்டிக்கொண்டு கேளுங்கள். விடை கதைக்குள்ளேதான் கிடக்கிறது.

தவமணி வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருந்தாள். நல்ல கை. ஆனால் யார் துணி கொண்டுவந்தாலும் 'முடியாது' என்ற சொல் மட்டும் அவள் வாயில் வராது. "வச்சிட்டுப் போங்க, பாத்துக்கிடலாம்" என்பாள். அப்படித்தான் அந்தச் சனிக்கிழமைக்கு மூன்று வேலை சேர்ந்துவிட்டது.

முதலில் துணி கொடுத்தவர் சமீமா டீச்சர். பட்டுச்சேலைக்கு ஃபால்ஸ் வைக்க வேண்டும். மிஷினில் விட்டால் பட்டு சுருங்கும் என்று தவமணி அதைக் கையால்தான் தைப்பாள். "பொழுதடையக் கெடச்சாப் போதும்மா" என்று டீச்சர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அடுத்தது கோமதி மதினியின் ஜாக்கெட். மிஷின் வேலை முடிந்துவிட்டது. கொக்கி வைத்து, ஓரம் மடித்துக் கைத்தையல் போடுவதுதான் பாக்கி. மத்தியானம் ஒரு வளைகாப்புக்கு அவள் பஸ் ஏற வேண்டும்.

கடைசியாக வந்தவள் ஜெபமலர். அவள் மகள் ஷைனிக்கு அன்று நாலு மணிப் பூசையில் புதுநன்மை. பிள்ளைகள் முதல்முறையாக நற்கருணை வாங்கும் நாள் அது. வெள்ளை கவுன் போட்டு வரிசையாகக் கோயிலுக்குப் போவார்கள். மகள் கேட்ட லேஸைத் தேடி அலைந்ததில் ஜெபமலர் துணி கொண்டுவரப் பிந்திவிட்டது. தவமணி வெட்டி வைத்துவிட்டாள். மிஷினில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் கவுன் ரெடி.

அன்றைக்கு மாதாந்திர மின்தடை. ஒன்பதுக்குப் போகிற கரண்ட் அஞ்சுக்குத்தான் வரும். இது முந்தின நாளே தெருவுக்கெல்லாம் தெரியும், தவமணிக்கும் தெரியும். மோட்டார் மாட்டியபோதே, இனி எதற்கு என்று மிஷினின் மிதிபலகையையும் பெல்ட்டையும் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டிருந்தாள்.

எட்டு மணிக்கு அவள் வெள்ளைத் துணியோடு மிஷினில் உட்காரவும், கோமதி வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"என்னட்டி, இன்னும் கொக்கி வைக்கலையா? பஸ்ஸு என்ன, எங்க அப்பா வீட்டு பஸ்ஸா, எனக்காக நிக்க?"

"பஸ்ஸு மத்தியானந்தானே மதினி?"

"தலை சீவ வேண்டாமா, பூ வைக்க வேண்டாமா? வாங்கிட்டுத்தான் நகருவேன்." கோமதி வாசற்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கே அலுத்துப்போனது. "ஊசியும் நூலும் இங்க தா. நானே வச்சிக்கிடுதேன். சும்மாதானே இருக்கேன்."

"அய்ய, நல்லா இருக்கே! நீங்க கோணலா கொக்கி வச்சா, பாக்கவங்க தைச்சது யாருன்னு என்னையில்லா கேப்பாவ! ஒரு நிமிஷம் இருங்க."

தவமணி எழுந்து வந்து ஊசியில் நூல் கோத்தாள். கோமதி வளைகாப்பு வீட்டுச் சங்கதியை அவிழ்த்துவிட்டாள். யாருக்குச் சொல்லி அனுப்பவில்லை, யார் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்று கேட்கக் கேட்கத் தவமணிக்கும் ருசித்தது. ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு கோமதி போனதும், ஊசிதான் கையில் இருக்கிறதே, முதலில் கொடுத்தவர் ஆயிற்றே என்று டீச்சர் சேலையை மடியில் எடுத்துப் போட்டாள். பாதி ஓரம் ஓடியிருக்கும். தலைக்கு மேலே ஃபேன் மெல்லச் சுற்றி நின்றது.

எதிரே, மிஷின் மேல், வெட்டியபடியே கிடந்தது வெள்ளைத் துணி.

மிஷின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தாள். துணியைப் பிடிக்க ஒரு கைதான் மிச்சம். தையல் கோணிக்கொண்டு போனது. அடுத்த தெருத் தையல்காரரிடம் ஓடினாள். அங்கேயும் மோட்டார்தான். கோணல் தையலைப் பிரித்து, மடித்த துணியோடு திரும்பி வந்தபோது, வாசலில் ஜெபமலர் நின்றிருந்தாள்.

"ஆச்சாக்கா?"

"கரண்ட்டு போயிட்டு, ஜெபமலர்..."

ஜெபமலர் உள்ளே எட்டிப் பார்த்தாள். நாற்காலியில் பாதி ஃபால்ஸோடு பட்டுச்சேலை. "கரண்ட்டு போகும்னு நேத்தே தெரியுமேக்கா" என்றாள். சண்டை போடவில்லை, திட்டவில்லை. திரும்பி நடந்துவிட்டாள். திட்டியிருந்தால் தவமணிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நாலு மணிக்குக் கோயில் மணி அடித்தது. தவமணி கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் ஓரமாக ஒதுங்கி நின்றாள். வெள்ளை வெள்ளையாகப் பிள்ளைகள் போனார்கள். ஷைனி மட்டும் பெரியப்பா மகளின் பழைய கவுனில் இருந்தாள். தோள் நழுவ நழுவ, முதுகில் ஊக்குக் குத்தியிருந்தது. சாத்திய கதவுக்கு நேரே வந்ததும் அவள் நின்றாள்.

"அக்கா! என் கவுனை பத்திரமா வச்சிருங்க. கிறிஸ்மஸுக்குப் போடுவேன்!"

தவமணிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கதவுதான் சாத்தியிருக்கிறதே, பிள்ளைக்கு எப்படித் தெரிந்தது, தான் உள்ளேதான் நிற்கிறோம் என்று?

இப்போது சொல்லுங்கள். வரிசையில் முந்தியவர் டீச்சர். வாசலில் முந்தியவள் கோமதி. பிந்தி வந்தவள் ஜெபமலர். தவமணி யார் துணியை முதலில் எடுத்திருக்க வேண்டும்? மூன்று வாக்கும் பிழைக்க வழி இருந்ததா?

விடை: ஜெபமலரின் கவுனைத்தான். பிள்ளைமேல் இரக்கப்பட்டு எடுக்கச் சொல்லவில்லை. ஊசி நாள் முழுக்க ஓடும், மிஷினுக்கு அந்த ஒரு மணி நேரத்தை விட்டால் கிடையாது. கொக்கி வைக்க வாசற்படியிலேயே சும்மா இரண்டு கைகள் இருந்தன, கேட்கவும் செய்தன. ஊசியைக் கோமதியிடம் கொடுத்திருந்தால் படியில் ஜாக்கெட்டும் மிஷினில் கவுனும் ஒன்றாக முடிந்திருக்கும். டீச்சர் சேலைக்குப் பொழுதடையும் வரை நேரம் இருந்தது. ஜெபமலரிடம் கரண்ட்டைக் காரணம் சொல்ல முடிந்த தவமணிக்கு, தன் கைதான் வேண்டும் என்ற வீம்பைச் சொல்ல வாய் வரவில்லை. அஞ்சு மணிக்குக் கரண்ட் வந்தது. ஆறு மணிக்குக் கவுனும் முடிந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஜெபமலர் வீட்டுக்கு நடக்கத்தான் அவளுக்குக் கால் வரவில்லை.