தேவாங்கும் வாசல் ஓலையும்

முன்னொரு காலத்தில் மருதங்காட்டை ஒரு ராஜா ஆண்டார். அவருடைய அரண்மனையில், இரவில் விழித்துப் பகலில் தூங்கும் தேவாங்கு ஒன்றை வளர்த்த கரியான், அதைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு விடியற்காலையில். ஆற்றில் முக்கி எடுத்த ஈரத்தோடு அது அவன் சுண்டுவிரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. வெயிலில் கட்டிவிட்டுப் போகச் சொன்னார்கள். போனான். உச்சிவேளைக்குள் செத்துவிட்டது.

முந்தின நாள், குளித்த யானை வெயிலில் மினுமினுப்பதை ராஜா பார்த்துவிட்டார், அவ்வளவுதான். "அரண்மனை உயிர்களெல்லாம் தினமும் ஆற்றில் குளித்து வெயிலில் காயட்டும்!" என்று உத்தரவு போட்டார். ஓலை எழுதும் அதிகாரி பராங்குசர் அதை அப்படியே எழுதி வாசலில் தொங்கவிட்டார்.

இப்போது சபையில் அவரே எகிறினார். "இவன் அஜாக்கிரதைதான் காரணம். மந்திரியே வேலைக்கு வைத்த ஆள் என்று விட்டுவிடுவதா? தலையை வாங்குங்கள்!"

"ஓலையில போட்டபடிதான் சாமி செஞ்சேன்" என்றான் கரியான்.

ராஜாவின் மீசை துடித்தது. "அப்படியானால் என் உத்தரவுதான் கொன்றதா?"

ஆம் என்றாலும் தலை போகும், இல்லை என்றாலும் போகும். கரியான் மந்திரியைப் பார்த்தான்.

மந்திரி ஆவுடையார் எழுந்தார். "மகாராஜா, ஓலைப்படி செய்யாத வேலை ஒன்று பாக்கி" என்று ராஜாவின் செல்லப் பொன்மீனைப் பானையோடு கொண்டுவரச் செய்தார். "இதற்குக் குளியல் ஆயிற்று. காயவைப்பதுதான் மிச்சம்." பானைக்குள் கையை விட்டார்.

ராஜா சிம்மாசனத்திலிருந்து குதித்தார். "ஐயையோ, கருவாடாகிவிடுமே!"

சபை சிரித்தது. பராங்குசர் விடவில்லை. "'மீன் நீங்கலாக' என்று சேர்த்துவிட்டால் போயிற்று."

"தேவாங்கு?" என்றார் மந்திரி.

"அதுவும் நீங்கலாக."

"ஆந்தை? தேனீ? நாளைக்கு யாராவது அனுப்பும் புது உயிர்? அது ஒருமுறை செத்த பிறகுதான் பேர் ஓலையில் ஏறுமா ஐயா?"

"பின்னே எதை எங்கேதான் எழுதுவது?" என்றார் ராஜா.

"எல்லா உயிருக்கும் பொருந்துவதை மட்டும் வாசலில் எழுதுவோம். குளியல் யானைக்கும் குதிரைக்கும் பொது, அது ஆற்றங்கரைக் கதவில் இருக்கட்டும். மற்றதை அதனதன் கொட்டடியில், வளர்ப்பவனைக் கேட்டு எழுதுவோம்."

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். கரியானைப் பார்த்து, "தப்பு என்னுடையது" என்றார். அவர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. பிறகு எழுத்தாணியைப் பராங்குசரிடம் நீட்டினார். "கொட்டடி கொட்டடியாக நீரே போய்க் கேளும்."

மலையிலிருந்து வேறொரு தேவாங்கு வந்தபோது, பராங்குசர் கரியான் முன்னால் குனிந்து நின்றார். "சொல்லப்பா, என்ன எழுத?"

"பகல்ல எழுப்பக் கூடாதுன்னு போடுங்க சாமி."

அரண்மனை வாசலில் மிஞ்சியது ஒரே வரி: "பசித்த உயிருக்கு இரை கொடுக்க வேண்டும்."