துண்டு போட்ட நாற்காலி

எங்கள் நுண்ணுயிரியல் துறையில் ஐந்து பேர் இருந்தார்கள். சொன்னதைச் செய்வார்கள், சொன்னதை மட்டும் செய்வார்கள். அதனால் செய்முறைத் தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தார்கள். இந்த முறையும் போனால் பட்டம் கிடையாது.

வளர்மதி மேடம் ஒரு வழி கண்டுபிடித்தார். பாக்டீரியாவுக்குள் புரதம் செய்யும் ரைபோசோம் எப்படி ஒன்றுகூடுகிறது என்று, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் நடித்துக் காட்ட வேண்டும்.

“தவசி, நீ ரைபோசோமோட சின்ன பாகம். இந்தக் கயிறுதான் ஆர்.என்.ஏ. அதைப் பிடிச்சுக்கிட்டு சிவப்பு முடிச்சுல நில்லு. முதல் நாற்காலியில பொன்னுரங்கம் உட்காரணும், அவன்தான் முதல் அமினோ அமிலம். ரெண்டாவது நாற்காலியில வேற யாரும் உட்காராம நீ மறிச்சு வை. மூக்கன், நீ பெரிய பாகம். பொன்னுரங்கம் உட்கார்ற வரைக்கும் சீனிராஜ் உன்னைக் கிட்டவே விடமாட்டான். அப்புறம் நீ வந்து தவசியோட ஒட்டிக்கணும். ராபின், நீ அடுத்த அமிலம். ரெண்டாவது நாற்காலியில உட்கார்ந்து பொன்னுரங்கத்தோட கை கோத்துக்கோ. புரதம் ஆரம்பிச்சாச்சு.”

தேர்வன்று சீனிராஜ் மூக்கனைக் கல்லூரி கேட்டிலேயே மறித்துவிட்டான்.

“பொன்னுரங்கம் உட்கார்ந்துட்டானா?” என்றான்.

“பஸ்ஸுல உட்கார்ந்துதான்டா வந்தான்,” என்றான் மூக்கன்.

“நின்னுக்கிட்டு வந்ததா கேள்வி.”

மேடம் ஓடிவந்து இருவரையும் உள்ளே இழுத்துப் போனார். அங்கே பொன்னுரங்கம் முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மூக்கன் சட்டை முழுக்கப் பசை தடவியிருந்தான். தவசியின் முதுகில் சாய்ந்தான். ஒட்டிக்கொண்டது.

ராபின் வந்தான். இரண்டாவது நாற்காலியில் தவசியின் நீலத் துண்டு கிடந்தது. நின்றுவிட்டான்.

“யாரோ இடம் பிடிச்சிருக்காங்க.”

“நான்தான்டா,” என்றான் தவசி.

“அப்ப நீ உட்காரு.”

“நான் அமிலம் இல்லியே.”

“அமிலம் இல்லாதவனுக்கு இடம் எதுக்குடா?”

“உனக்குத்தான் பிடிச்சேன்.”

“அது துண்டுல எழுதியிருக்கா? உட்கார்ந்த பிறகு எழுப்பிவிட்டா மானம் போயிடும். எங்க மாமாவை அப்படித்தான் திண்டுக்கல்ல எழுப்பினாங்க.”

“துண்டை எடுத்துடேன்,” என்றான் பொன்னுரங்கம்.

“உட்காரத்தான் சொன்னாங்க. எடுக்கச் சொல்லலை.”

பத்து நிமிடம் ஆனது. புரதம் ஒரே அமிலத்தோடு நின்றது. மேடம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேர்வாளர் மேசையைத் தட்டினார்.

“பிரமாதம். ரெண்டாவது இடத்தை அடைச்சா பாக்டீரியா செத்தாப்லதான். டெட்ராசைக்ளின் மருந்து செய்யறதும் இதுதான். முழு மார்க்.”

தவசிக்கு மனசு கேட்கவில்லை. “சார், அது மருந்து இல்ல சார். துண்டு.”

தேர்வாளரின் பேனா நின்றது. எழுந்து வந்து பார்த்தார். துண்டுதான்.

“அப்ப எடுத்து அந்தப் பக்கம் போட்டுட்டு உட்காருப்பா.”

சார் சொல்லிவிட்டார். ராபின் துண்டை எடுத்துக் காலியாக இருந்த ஒரே நாற்காலியில் போட்டான். உட்கார்ந்தான். கை கோத்தான். புரதம் ஆரம்பித்தது. ஐந்து பேரும் பாஸ். தவசியையும் மூக்கனையும் பக்கவாட்டில் நடத்தி வெந்நீருக்கு அழைத்துப் போனார்கள்.

தேர்வாளர் தன் நாற்காலிக்குத் திரும்பினார். அதில் நீலத் துண்டு கிடந்தது. சற்று யோசித்தார்.

“யாரும்மா வர்றாங்க?” என்று மேடத்திடம் மெதுவாகக் கேட்டார்.

மேடத்துக்கும் தெரியவில்லை. அன்று மீதி மூன்று குழுக்களுக்கும் அவர் நின்றபடியே மார்க் போட்டார்.