மூணு மந்திரியும் ஒரு களிமண் கரையும்

கேளுங்க, கேளுங்க! எப்பவோ ஒரு காலத்துல குமிழி நாடுன்னு ஒரு நாடு. அத ஆண்டது அம்பலவல்லி ராணி. அந்த நாட்டுக்கே சோறு போட்டது ஒரே ஒரு பெரிய ஏரி.

ஏரிக்கு ரெண்டு பக்கமும் இருந்த வடக்கு மேட்டுக்காரங்களும் தெக்கு மேட்டுக்காரங்களும் அடிச்சுக்கிட்டாங்க பாருங்க, அப்படி ஒரு சண்டை! வீடு போச்சு, மாடு போச்சு, கடைசில ஏரிக்கரையும் நடுவுல உடைஞ்சு போச்சு. அப்புறம்தான் சண்டைய நிறுத்துனாங்க. ஆனா மழைக்காலம் கிட்ட வந்துடுச்சு. அதுக்குள்ள கரை நிக்கலேன்னா ரெண்டு மேட்டுக்கும் பட்டினிதான்.

ராணிக்கு மூணு மந்திரிங்க. மூணு பேரும் மூணு திட்டம் வெச்சிருந்தாங்க. ராணிக்குத் தலை சுத்திடுச்சு.

"பள்ளிக்கூடத்துக்குப் போங்க. புள்ளைங்களுக்குப் பாடமா நடத்துங்க. அதுங்க கையில எந்தத் திட்டம் நிக்குதோ, அதுதான் நாட்டுக்கு"ன்னுட்டாங்க.

வாத்தியார் மாசிலாமணி முற்றத்துல களிமண்ணால குட்டி ஏரி ஒண்ணு செஞ்சு, நடுக்கரைய உடைச்சு வெச்சாரு. பக்கத்துல நாலஞ்சு குடம் தண்ணி. இந்தப் பக்கம் வடக்குப் புள்ளைங்க, அந்தப் பக்கம் தெக்குப் புள்ளைங்க. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல!

முதல்ல மந்திரி கடுகடுப்பார் எழுந்தாரு. "உடைச்சவன் எவனோ, அவனே கட்டட்டும்!"

அவ்வளவுதான். "நீங்கதாண்டா உடைச்சீங்க!" "போடி, உங்க மாமன்தான் முதல்ல கல்லெறிஞ்சாரு!" ஒரு பிடி மண்ணு கூட விழல. வாத்தியார் தண்ணிய ஊத்துனாரு. மொத்தமும் ஓடிப் போச்சு.

ரெண்டாவது மூடிமறைப்பார். "நடந்தத யாரும் பேசப்படாது. எதுவுமே உடையல!"

புள்ளைங்க மண்ண அள்ளிட்டு முழிச்சுதுங்க. உடையலேன்னா எங்க போடுறது? கடைசில எல்லாத்தையும் வாத்தியார் கால் மேல கொட்டிடுச்சுங்க. தண்ணி மறுபடியும் ஓடிப் போச்சு.

மூணாவது கோடுகிழிப்பார். நடுவுல ஒரு வேட்டியத் திரையா கட்டுனாரு. "அவங்கவங்க பாதிய அவங்கவங்க கட்டுங்க. சண்டையே வராது!"

வேலை ஜோரா நடந்துச்சு! திரைய எடுத்தா, ஐயோ, வடக்குக் கரை ஒரு பக்கமா போகுது, தெக்குக் கரை இன்னொரு பக்கமா போகுது. ரெண்டும் சந்திக்கவே இல்ல!

"தனித்தனியா பாத்தா அழகாத்தானே இருக்கு?"ன்னாரு கோடுகிழிப்பார். வாத்தியார் தண்ணிய ஊத்த, அது சந்துல பாஞ்சு மூணு மந்திரியோட பட்டு வேட்டியையும் நனைச்சுடுச்சு. ரெண்டு பக்கமும் ஒண்ணா கெக்கேபிக்கேன்னு சிரிச்சுதுங்க!

சிரிப்பு அடங்குனதும் வடக்கு மேட்டு அல்லி மெதுவா சொன்னா: "எங்கப்பாவும்தான் கரைய வெட்டுனாரு. நான் பாத்தேன்."

தெக்கு மேட்டு வேங்கை தலையக் குனிஞ்சுக்கிட்டான். "எங்க அண்ணனும் வெட்டுனான்."

யாரும் கத்தல. அல்லி ஒரு உருண்டை மண்ண நீட்டுனா. "இந்தா, பிடிடா."

"குடு புள்ள."

அப்படியே வரிசை வந்துடுச்சு. ஒரு வடக்கு, ஒரு தெக்கு, ஒரு வடக்கு, ஒரு தெக்கு. பக்கத்து ஆள் மூஞ்சியப் பாக்காம மண்ண எப்படிக் கை மாத்துறது? கரை எழும்புச்சு. தண்ணிய ஊத்துனாங்க. ஒரு சொட்டு கசியல!

மறுநாளே நிஜ ஏரியிலயும் அதே வரிசை. ரெண்டு மேட்டு ஆளுங்களும் மாத்தி மாத்தி நின்னு, சண்டையில செஞ்சத வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே கூடை கை மாத்துனாங்க. மந்திரிங்களையும் ராணி விடல.

"யோவ் மூடிமறைப்பாரே, கூடை கனக்குது, பிடிய்யா!"ன்னு கடுகடுப்பார் அலற, "முதல்ல அந்தக் கோடுகிழிப்பார நகரச் சொல்லும்!"னு இவர் கத்த, மழை வந்து பாத்தா கரை கல்லு மாதிரி நிக்குது!

இதுலேருந்து தெரிஞ்சுக்கறது என்னன்னா: உடைஞ்ச நாட்டக் கட்டணும்னா, அவங்கவங்க செஞ்ச தப்ப ஒத்துக்கிட்டு, எதிரியா நின்னவங்க ஒரே வரிசையில நின்னு கட்டணும்.